“பளிச்சுன்னு இல்லீங்க”: ஒரு கிரைண்டர் கம்பெனிக்கு வலைத்தளம் செய்த அனுபவம் - நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்துக்கு வலைத்தளம் செய்து கொடுத்தோம். “நாங்கள்” என்றால் இரண்டே பேர். வடிவமைப்பு என் பொறுப்பு, நிரல் என் கூட்டாளியின் பொறுப்பு. மூன்று மாதத்தில் முடியும் என்று சொன்ன வேலை ஐந்து மாதத்துக்கு மேல் இழுத்தது. அதற்கான காரணங்களில் பாதி எங்கள் பக்கம் இருந்ததால்தான் இதை எழுதி வைக்கிறேன். பெயர்களும் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

வெட் கிரைண்டர் 1950-களில் இந்த ஊரில் உருவான பொருள். ‘கோவை வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடும் பெற்றது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் இன்றும் தெருவுக்குத் தெரு பட்டறைகள். எங்கள் வாடிக்கையாளருடையதும் அப்படி ஒரு பட்டறையில் தொடங்கி வளர்ந்ததுதான். வீட்டுக்கான 2 லிட்டர் டேபிள் டாப் முதல், மெஸ்களும் ஓட்டல்களும் வாங்கும் பெரிய டில்டிங் கிரைண்டர் வரை செய்கிறார்கள். அப்பா தொடங்கிய தொழில். மகன் எம்பிஏ முடித்துவிட்டு வந்து விற்பனையைப் பார்க்கிறார்.

அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு தளம் இருந்திருக்கிறது. அதைச் செய்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். அப்புறம் தொழிலையும் விட்டார், போன் நம்பரையும் மாற்றிவிட்டார். புதுப்பிக்க ஆளில்லாமல் டொமைன் கைவிட்டுப் போனது. அந்த முகவரி அச்சடித்த அட்டைப்பெட்டிகள் மட்டும் கிடங்கில் இன்னும் கிடந்தன. ஆகவே முதல் நாளே புது டொமைனை நிறுவனத்தின் மின்னஞ்சலிலும் அவர்கள் கார்டிலும் எடுக்க வைத்தோம். இந்த வேலையில் நாங்கள் ஆரம்பத்திலிருந்தே சரியாகச் செய்தது அநேகமாக அது ஒன்றுதான்.

மகன் கேட்டது தெளிவாக இருந்தது. “பெரிய பிராண்ட் மாதிரி தெரியணும் சார்.” சமையலறைச் சாதனங்கள் விற்கும் மூன்று வெளிநாட்டுத் தளங்களைக் காட்டினார். நிறைய வெள்ளை இடம், மெல்லிய எழுத்து, முகப்பில் நகரும் படங்கள். எங்களுக்கும் அந்த ரசனை பிடித்திருந்தது. உடனே தலையாட்டிவிட்டோம்.

முதல் எட்டு வாரம்

முன்பணம் 40 சதவீதம், வடிவமைப்பு ஒப்புதலுக்குப் பின் 30, வெளியிட்ட பின் 30 என்று எழுதிக்கொண்டோம். “ஒப்புதல்” யார் தர வேண்டும் என்பதை எழுதவில்லை. மகன்தான் பேசுகிறார், மகன்தான் பணம் அனுப்புகிறார், அவர் போதும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஐந்தாவது வாரம், மகன் சரி சொன்ன முகப்புப் பக்கத்தை அப்பா பார்த்தார். மறுநாள் அவரே என்னை அழைத்தார்.

“நல்லாத்தான் இருக்குங்க தம்பி. ஆனா பளிச்சுன்னு இல்லீங்க.”

நான் இதை நிறத்தைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டேன். பேனரில் சிவப்பும் மஞ்சளும் சேர்த்து அனுப்பினேன். “இன்னும் பளிச்சுன்னு இல்லீங்களே” என்று பதில் வந்தது. லோகோவைப் பெரிதாக்கினேன். பெட்டிகளுக்கு அடர் நிற ஓரம் போட்டேன். மூன்றாவது முறையும் அதே பதில். இப்போது மகன் கோபமாக அழைத்தார். “சார், இது பட்டாசுக் கடை நோட்டீஸ் மாதிரி இருக்கு.” அவர் சொன்னதில் தவறே இல்லை.

மூன்று திருத்தம், மூன்று வாரம். இருவருக்குமே பிடிக்காத ஒரு பக்கம் கையில் இருந்தது. அன்று இரவு கூட்டாளி ஒரு கேள்வி கேட்டான். “அவர் அதை எதுல, எங்க உக்காந்து பார்க்கிறார்னு உனக்குத் தெரியுமா?” எனக்குத் தெரியாது. அதுவரை நான் அனுப்பியதெல்லாம் வாட்ஸ்அப்பில் படமும் இணைப்பும்தான்.

நேரில் போய்ப் பார்த்தது

அப்பாவின் மேசை பட்டறை வாசலில், வெயில் அடிக்கும் இடத்தில் இருக்கிறது. லாரி வருவதும் போவதும் தெரிய வேண்டும் என்பதால் அந்த இடம். கையில் சில வருடப் பழைய போன். அதில் எழுத்தளவு உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி சட்டைப் பையில் இருந்தாலும் போடாமல், போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

எங்கள் பக்கம் அந்த வெளிச்சத்தில் கிட்டத்தட்ட வெற்றுத்தாள்தான். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து. அவரே சொன்னார், “எழுத்து தண்ணி ஊத்துன மோர் மாதிரி இருக்குதுங்க.” அங்கேயே எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டு விகிதத்தை அளந்தேன், 3-ஐக்கூடத் தொடவில்லை. டபிள்யூசிஏஜி என்னும் அணுகல் தரநிலை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 கேட்கிறது. போதாததற்கு, பேனரில் இருந்த வாசகத்தைப் படத்துக்குள்ளேயே சேர்த்திருந்தோம். போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மட்டும் பெரிதாகாது.

“பளிச்சுன்னு இல்லை” என்று அவர் சொன்னது “என்னால் படிக்க முடியவில்லை” என்பதைத்தான். மகன் முன்னாலும் எங்கள் முன்னாலும் அதை அப்படியே சொல்ல அவருக்கு மனம் வந்திருக்காது. நான் நிறத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை அதோடு முடிந்தது என்று கிளம்பியிருந்தால் தளம் இன்னொரு அழகான தோல்வியாகியிருக்கும். டீ வரும்வரை உட்காருங்கள் என்றதால் சர்வீஸ் கவுன்டர் பக்கம் உட்கார்ந்தேன். போன் ஓயவே இல்லை. கவுன்டரில் இருந்த அண்ணன் இருபது வருடமாக அங்கே வேலை செய்பவர். வரும் அழைப்பையெல்லாம் ஒரு நீள நோட்டில் குறிப்பார். அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன்.

புதுக் கிரைண்டர் வாங்கக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலும் ஏற்கெனவே கிரைண்டர் வைத்திருப்பவர்கள். பெல்ட் அறுந்துவிட்டது, குழவி தேய்ந்துவிட்டது, டிரம் ஆடுகிறது, மோட்டார் சூடாகிறது. 2011-ல் அரசு விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய கிரைண்டருக்குப் பாகம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் தனி வரிசை. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும், அங்கே ஓடுமா என்பவர்கள் இன்னொரு வரிசை. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டாரே வேறு வேண்டும். சிங்கப்பூர் என்றால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். அண்ணன் இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாரோ.

அழைப்பவர்களில் மாடல் பெயர் தெரிந்தவர் அரிது. அண்ணன் அதைக் கேட்பதும் இல்லை. மூன்று கேள்வி கேட்பார். “குழவி ஒண்ணா, ரெண்டா, மூணா? மாவு எடுக்க டிரம்மைத் தூக்குவீங்களா, சாய்ப்பீங்களா? ஒரு தடவைக்கு எவ்வளவு அரிசி போடுவீங்க?” மூன்றாவது பதில் வருவதற்குள் மாடலைச் சொல்லிவிடுவார்.

எங்கள் வடிவமைப்பில் உதிரிப்பாகங்கள் எங்கே இருந்தன? தயாரிப்புகள், அதற்குள் வீட்டு உபயோகம், அதற்குள் வரிசை, அதற்குள் மாடல், அதன் அடியில் ஒரு பிடிஎஃப்.

எடுத்த முடிவுகள்

முகப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணனின் மூன்று கேள்விகளையே முகப்பாக்குவது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படம். படத்தைத் தொட்டால் அடுத்த கேள்வி. முடிவில் மாடலும் அதற்கான பாகங்களும், கீழே அழைக்க ஒரு பொத்தான், வாட்ஸ்அப்புக்கு ஒரு பொத்தான்.

இதைச் சொல்லும்போது பணப் பேச்சு வந்தே தீரும். நானே முதலில் எடுத்தேன். முடிவெடுப்பவர் யார் என்று கேட்காமல் விட்டது எங்கள் தவறு, ஆகவே முகப்பை மறுபடி வரைவதற்குக் காசு இல்லை. உதிரிப்பாகப் பகுதி முதல் ஒப்பந்தத்தில் இல்லாத புது வேலை, அதற்குத் தனிக் கட்டணம். மகன் தயங்கினார். அப்பா, “செய்யாத வேலைக்குத் தர வேண்டாம், செய்யற வேலைக்குக் குடுத்துத்தானே ஆகணும்” என்றார். எதற்குக் காசு, எதற்கு இல்லை என்று பிரித்துச் சொன்னதால்தான் அந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது என்று நினைக்கிறேன்.

மகனின் விருப்பத்தை ஓரங்கட்டிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தோம். அவர் ஏற்றுமதிக்கு முயற்சி செய்துகொண்டிருந்தார். வெளிநாட்டு முகவர் பார்த்தால் மதிப்பாகத் தெரிய வேண்டும் என்பது நியாயமான தேவை. நகரும் பேனரை எடுத்துவிட்டு ஒரே ஒரு பெரிய படம் வைத்தோம். காலை வெளிச்சத்தில் பட்டறையிலேயே எடுத்தது: மாவு படிந்த கருங்கல் குழவி, சற்று நெருக்கத்தில். அவர் காட்டிய வெளிநாட்டுத் தளங்களில் இப்படி ஒரு படம் கிடையாது. அதைப் பார்த்ததும் நகரும் பேனர் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

பேச்சுவார்த்தை முறையையும் மாற்றினோம். அப்பா தட்டச்சு செய்ய மாட்டார், குரல் பதிவுதான் அனுப்புவார், அதுவும் இரவு பத்து மணிக்கு மேல். அதை மாற்றச் சொல்வது வீண். காலையில் நான் கேட்டு, வரிசையாக எழுதி, இருவருக்கும் சேர்த்து அனுப்பினேன்: “ஐயா, நீங்கள் சொன்னது இந்த நான்கு, சரிதானே?” இருவரும் சரி சொன்ன பிறகுதான் கை வைப்போம். குரல் பதிவில் ஒன்பது விஷயம் போலக் கேட்பது எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று, நான்குதான்.

தமிழ் எழுத்து செய்த வேலை

நேரம் அதிகம் தின்றது இந்தப் பகுதி. பாகங்களின் பட்டியல் தமிழில் ஏற்கெனவே இருந்தது, ஆனால் அச்சகத்தில் பழைய ஃபான்ட் ஒன்றில் அடித்தது. அந்த வகை ஃபான்ட்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். ஃபான்ட் இல்லாத இடத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கிலக் குப்பை. எழுத்தை மாற்றித் தரும் செயலி ஒன்றின் வழியாக, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்குக் கொண்டுவந்தோம். பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. தேடல் பெட்டியில் தட்டினால் பாதிப் பாகம் கிடைக்கவில்லை.

காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பழைய ஃபான்டில் துணைக்காலும் ரகரமும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்ததால், அடித்தவர் பல இடத்தில் காலுக்குப் பதில் ‘ர’ போட்டிருந்தார். ‘பாகம்’ என்பது ‘பரகம்’ ஆகியிருந்தது. பழைய முறையில் ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்பார்கள், யூனிகோடு அதை எழுத்துக்குப் பின்னால் சேமிக்கிறது. அந்தச் செயலி சில இடத்தில் அதைத் திருப்பிப் போடாமல் விட்டதால் ‘பெல்ட்’ உடைந்திருந்தது. மூன்றாவது காரணம்தான் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. ‘மோட்டார்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகு அது தீர்ந்தது. காலும் ரகரமும் குழம்பிய இடங்களுக்குக் குறுக்குவழி இல்லை. அண்ணனை உட்கார வைத்து வரி வரியாகப் படித்துத் திருத்தினோம்.

வடிவத்திலும் பாடம் இருந்தது. முதல் வரைவை, இடத்தை நிரப்ப மட்டும் போடும் ஆங்கிலப் பொய்யுரையை வைத்துச் செய்திருந்தோம். நான்கு எழுத்துக்குப் போட்ட பொத்தானில் ‘உதிரிப்பாகம் கேட்க’ எப்படி அடங்கும்? பொத்தானின் உயரத்தை நிலையாக வைத்திருந்ததால் அப்பாவின் போனில் ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் அடி வெட்டுப்பட்டது. உயரத்தை எடுத்துவிட்டு எழுத்தைச் சுற்றி உள்ளிடைவெளி கொடுத்தோம், வரி உயரத்தை எழுத்தளவின் 1.7 மடங்கு ஆக்கினோம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபான்டில் 400, 700 என்ற இரண்டு தடிமன் மட்டும் வைத்தோம். மெல்லிய 300-ஐ நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். அது போனது. பக்கத்தின் மொழி தமிழ் என்று அதன் எச்டிஎம்எல் நிரலில் குறித்தோம், திரையைப் படித்துக் காட்டும் செயலிகளுக்கு அது வேண்டும்.

சோதனை

வெளியிடும் முன் நான்கு பேரிடம் போனைக் கொடுத்து, “உங்கள் கிரைண்டருக்கு பெல்ட் தேடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தோம். ஒரு மெஸ் சமையல்காரர், இரண்டு இல்லத்தரசிகள், வெளியூர் மெக்கானிக் ஒருவர். மேல் மூலையில் இருந்த மூன்று கோடு சின்னத்தை மெக்கானிக்கைத் தவிர யாரும் தொடவில்லை. சரி, ‘மெனு’ என்று எழுதி வைத்தோம். மெஸ்காரர் சிரித்தார். “இதுல என்ன சாப்பாடு போடறாங்க?” அவர் தொழிலில் மெனு என்றால் வேறென்ன. பெயரை ‘எல்லாப் பக்கமும்’ என்று மாற்றினோம். அழகான பெயர் இல்லைதான், ஆனால் அடுத்துப் பார்த்தவர்கள் தொட்டார்கள்.

மூன்று கேள்விகளில் யாரும் தடுமாறவில்லை. எங்கள் திறமை அதில் ஒன்றுமில்லை, இருபது வருடமாகப் போனில் தேய்த்துத் தேய்த்துச் சீரான கேள்விகள் அவை.

வெளியிட்ட பின்

முதல் வாரமே ஒரு தொழில்நுட்பத் தவறு தெரிந்தது. பட்டறையில் எடுத்த 4000-க்கு 3000 பிக்சல் படங்களைச் சுருக்கி வெப்பி (WebP) என்ற எடை குறைந்த கோப்பு வடிவில் போட்டிருந்தோம், அது சரி. ஆனால் கீழே நகர்த்தும்போது மட்டும் படத்தை இறக்கும் லேசி லோடிங்கை எல்லாப் படங்களுக்கும் ஒரே வரியில் போட்டுவிட்டோம், முகப்பின் முதல் படத்துக்கும் சேர்த்து. உடனே வர வேண்டிய படம் கடைசியில் வந்தது. முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது கூகுளின் அளவுகோல், எங்களுடையது அதைத் தாண்டியிருந்தது. முதல் படத்துக்கு மட்டும் அதை நீக்கி, எல்லாப் படங்களுக்கும் அகலம், உயரம் குறித்தோம். வேகமும் சரியானது, படம் வரும்போது பக்கம் குதிப்பதும் நின்றது.

இரண்டாவது பிரச்சினை நாங்கள் எதிர்பாராதது. வாட்ஸ்அப் பொத்தான் அளவுக்கு மீறி வேலை செய்தது. சர்வீஸ் போனில் “ஹலோ”, “பெல்ட்”, “விலை?” என்று மொட்டையாகச் செய்திகள் குவிந்தன. அண்ணன் என்மேல் கோபமாக இருப்பதாக மகன் சொன்னார். பொத்தானைத் தொட்டதும் மாடலும் பாகமும் தானாக நிரம்பிய செய்தி திறக்கும்படி இணைப்பை மாற்றினோம். “பழைய பாகத்தின் படம் அனுப்பவும்” என்ற வரியும் சேர்ந்து போகும். அழைப்புகள் குறைந்தனவா என்று அண்ணனைக் கேட்டேன். “அப்படியேதான் இருக்கு, ஆனா பேசி முடிக்க நேரம் ஆகறதில்ல” என்றார்.

மூன்றாவது, உண்மையிலேயே பெரியது. பாகங்களின் விலையைத் தளத்தில் போட்டிருந்தோம். வெளியூர் டீலர்கள் அதே பாகத்தைத் தங்கள் போக்குவரத்தும் லாபமும் சேர்த்துக் கூடுதலாக விற்கிறார்கள். வாடிக்கையாளர்கள் போனைக் காட்டிச் சண்டை பிடிக்க, ஒரு டீலர் ஆர்டரை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். மூன்றாவது வாரம் விலைகளை எடுத்தோம். விலை தெரிவது வாங்குபவருக்கு நல்லது என்று நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவின் செலவு என்னுடையது கிடையாது. டீலர்கள் என்று ஒரு தரப்பு இருப்பதே எங்கள் கேள்விப் பட்டியலில் இருக்கவில்லை.

அப்பா? புதுப் பக்கத்தை வாசலிலேயே, கண்ணாடி இல்லாமல் படித்துப் பார்த்தார். “இப்பப் பரவால்லீங்க” என்றார். மகன் ஏற்றுமதி முகவர்களுக்கு அனுப்பும் கடிதங்களில் குழவிப் படத்தைப் பயன்படுத்துகிறார்.

இனி மாற்றிச் செய்வது

ஒப்பந்தத்தில் இப்போது இரண்டு வரி கூடுதல். ஒப்புதல் தருபவர்கள் யார் யார் என்பது ஒன்று. இந்தத் தளத்தால் யாருக்கு வருமானம் குறையலாம் அல்லது வேலை கூடலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்டால் வாடிக்கையாளர்கள் முதலில் விழிக்கிறார்கள், அப்புறம் நிறைய பேசுகிறார்கள்.

வரைவு தொடங்கும் முன் ஒரு நாள் கடையில், போன் பக்கத்தில் உட்காருகிறோம். அதற்குத் தனிக் கட்டணம் போட முயன்றோம், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மொத்தத்தில் சேர்த்துவிட்டோம். வரைவுகளை உண்மையான தமிழ் வாசகத்தோடு மட்டுமே செய்கிறோம், எழுத்தளவு உச்சத்தில் வைத்த ஒரு பழைய போனில் வெயிலில் பார்த்த பிறகே அனுப்புகிறோம்.

தேடல் பெட்டியில் மக்கள் தட்டும் சொற்களை மாதம் ஒருமுறை எடுத்து அண்ணனோடு பார்க்கிறோம். கடந்த முறை எந்தப் பாகத்தின் பெயரையும்விட அதிகம் வந்த சொல் ‘சத்தம்’. எங்கள் தளத்தில் அந்தச் சொல்லே கிடையாது. என்ன மாதிரி சத்தம் வந்தால் எந்தப் பாகம் என்று அண்ணன் இப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.